குண்டானவர் மிதக்கிறார், ஒல்லியானவர் முங்குகிறார்: கிணற்றடிக் கேள்வி பதில்

முப்பது வருஷத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாலக்கோடு பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கோடைதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறேன். பள்ளிக்கூடம் விட்டாச்சு, கிணறு, ஏரி, ஒகேனக்கல் என்று எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். உடம்பு ஏன் மிதக்கிறது, ஏன் மூழ்குகிறது என்று கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகள் கீழே.

சார், என் எடை 54 கிலோ, தண்ணீரில் அசையாமல் கிடந்தால் முங்கிவிடுகிறேன். 95 கிலோ இருக்கிற என் மாமா கட்டில் மாதிரி மிதக்கிறார். இது என்ன நியாயம்? (பென்னாகரம்)

நியாயம்தான் தம்பி. தண்ணீர் உன் எடையைக் கேட்பதில்லை, எவ்வளவு இடத்தை அடைக்கிறாய் என்றுதான் கேட்கிறது. நீ ஒதுக்கித் தள்ளும் தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவுக்கு அது உன்னை மேலே தள்ளும். இதைக் கண்டுசொன்னவர் ஆர்க்கிமிடீஸ், 2200 வருஷத்துக்கு முன்னால்.

ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. ஒரு லிட்டர் கொழுப்பு சுமார் 900 கிராம்தான். ஒரு லிட்டர் தசை 1 கிலோ 60 கிராம் வரும், எலும்பு அதைவிடக் கனம். உன் மாமா தொப்பையில் லைஃப் ஜாக்கெட் வைத்திருக்கிறார். நீ தசையும் எலும்புமாக இருக்கிறாய். உனக்கு மிஞ்சியிருப்பது நெஞ்சுக்குள் இருக்கும் காற்று மட்டும்.

அந்தக் காற்று எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். எங்கள் கிணற்றில் தண்ணீருக்குள் மூன்றாவது படியில் நின்று, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பிள்ளைகளை இதைச் செய்யச் சொல்வேன். மூச்சை நிறைய இழுத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து உருண்டையாக இரு. முதலில் கொஞ்சம் இறங்கும், அப்புறம் தானாக மேலே வந்து நிற்கும். முதுகில் ஒரு தோசைக்கல் அளவு மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும், அதற்கு மேல் வராது. இப்போது மூக்கு வழியாகக் காற்றை மெல்ல விடு. குமிழ் குமிழாகப் போகும்; முதுகு மறையும்; கடைசிக் குமிழ் போகும்போது பிட்டம் படியில் போய் உட்காரும். உடம்பு அதேதான், எடையும் அதேதான். போனது 3, 4 லிட்டர் காற்று.

அப்படியென்றால் எல்லோரும் மிதக்கத்தானே வேண்டும்? ஏன் சாகிறார்கள்? (காவேரிப்பட்டணம்)

எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியம், கொஞ்சம் கணக்கு போடுவோம். 60 கிலோ ஆள் மூச்சை முழுக்க இழுத்துப் பிடித்தால், தண்ணீரைவிட ஏறக்குறைய 2, 3 சதவீதம்தான் லேசு. அதாவது தண்ணீர் அவருக்குத் தரும் சலுகை ஒன்றரைக் கிலோ. அவ்வளவு எடை மட்டும் வெளியே இருக்கலாம்.

இப்போது தலையைப் பாருங்கள். ஒரு மனிதத் தலை 4, 5 கிலோ. முழுத் தலையையும் வெளியே தூக்கினால் சலுகை தீர்ந்து, 3 கிலோ கடன். பயத்தில் கையையும் தூக்குகிறோம். ஒரு கை சுமார் 3 கிலோ, இரண்டு கை 6 கிலோ. அப்புறம் 'காப்பாத்துங்க' என்று கத்துகிறோம். நெஞ்சில் இருந்த காற்றும் போகிறது. மிதந்திருக்க வேண்டியவர் தன் கையாலேயே தன்னை அமுக்கிக்கொள்கிறார்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. மல்லாந்து படு, காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்கட்டும், மூக்கும் வாயும் மட்டும் வெளியே. கையைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து வை. மூச்சை நிறைய இழு, கொஞ்சமாக விடு, உடனே இழு. படிக்கச் சுலபம்தான். காதுக்குள் தண்ணீர் போகும் நேரத்தில் தலையைத் தூக்காமல் இருக்க, 10 நாளாவது பழக வேண்டும்.

மல்லாந்து படுத்தால் கால் கீழே போய் நேராக நிற்கிறேன். (ஊத்தங்கரை)

காற்று நெஞ்சில், கனம் இடுப்பிலும் தொடையிலும். தண்ணீர் நெஞ்சைத் தூக்குகிறது, கால் இறங்குகிறது. கையைத் தலைக்குப் பின்னால், தண்ணீருக்குள்ளேயே நீட்டிப் பார். தராசுத் தட்டு மாதிரி கால் கொஞ்சம் எழும். முழுக்க எழாவிட்டாலும் பரவாயில்லை, மூக்கு வெளியே இருந்தால் போதும்.

எங்கள் ஊர்க் கிணற்றில் ஆழத்துக்குப் போனால் கன்னிமார் காலைப் பிடித்து இழுக்கும் என்பார்கள். நானே உணர்ந்திருக்கிறேன் ஐயா. (தேன்கனிக்கோட்டை)

நானும் உணர்ந்திருக்கிறேன். 14 வயதில் விழுந்த வாளியை எடுக்க உள்நீச்சல் போனேன். பாதிக் கிணறு வரை கையைக் காலை அடித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை, கல் மாதிரி இறங்கினேன். வாளியை விட்டுவிட்டு ஏறி வந்தேன். அப்பா சாயங்காலம் பாதாளக் கரண்டி போட்டு எடுத்தார்.

காரணம் அழுத்தம். 33 அடி ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். ஆனால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 6 லிட்டர் காற்று நாலரை லிட்டராகச் சுருங்கினாலே அந்த ஒன்றரைக் கிலோ சலுகை காலி. கணக்குப்படி 11, 12 அடியிலேயே அது நடந்துவிடும். அதற்குக் கீழே உடம்பு தானாக இறங்கும், மேலே வர முதலில் உழைக்க வேண்டும். கன்னிமாருக்குப் பொங்கல் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாளிக்காக மட்டும் முங்காதீர்கள்.

மேலே மிதப்பதற்குக் கிணறு 10 அடியா 60 அடியா என்பதில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

செத்த பிறகு மட்டும் மிதக்கிறதே? (பெயர் வேண்டாம் என்றவர்)

பெரும்பாலும் உடனே மிதப்பதில்லை. நுரையீரலில் தண்ணீர் புகுந்து முதலில் அடிக்குப் போகும். குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் உடம்பைச் சிதைக்கும்போது வாயு உண்டாகி, வயிறு உப்பி, மேலே வருகிறது. நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாள். குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் ஆகலாம். ஆண் குப்புற, பெண் மல்லாந்து என்று சொல்வது கட்டுக்கதை. கைகால் முன்பக்கம் தொங்குவதால் யாராக இருந்தாலும் பெரும்பாலும் குப்புறத்தான்.

ஈரச் சேலை கனத்து உள்ளே இழுத்துவிடுமா? (அரூர்)

துணியில் ஊறிய தண்ணீருக்குத் தண்ணீருக்குள் எடை இல்லை அம்மா. அதனால் அது இழுக்காது. ஆனால் காலில் சுற்றி அடிக்கவிடாது. படி ஏறும்போதுதான் அந்தக் கனமெல்லாம் தெரியும்.

ஒகேனக்கல் அருவிக்குக் கீழே நல்ல நீச்சல்காரர்களே மாட்டிக்கொள்கிறார்களே? (தர்மபுரி)

அங்கே விழும் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக் கிடப்பதைக் கவனியுங்கள். அந்த வெள்ளை முழுக்கக் காற்றுக் குமிழ். குமிழ் கலந்த தண்ணீர் லேசு, ஆகவே அது உங்களைத் தாங்குவதும் குறைவு. 2, 3 சதவீதச் சலுகையில் வாழ்கிற உடம்புக்கு அதுவே போதும். கூடவே சுழல், பாறை. பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்காமல் பெல்ட்டை இறுக்குங்கள். அது 7, 10 கிலோ வரை தூக்கும். ஆனால் இறுக்காவிட்டால் ஜாக்கெட் மட்டும் மேலே போகும், நீங்கள் அதற்குள்ளிருந்து நழுவிவிடுவீர்கள்.

அங்கே எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு குளித்தால் மிதப்போமா? (ஓசூர்)

100 மில்லி எண்ணெய் தண்ணீரைவிட 8 கிராம்தான் லேசு. வழுக்கி விழத்தான் அது உதவும்.

மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். பெங்களூரா காய் தொட்டியில் போட்டால் சிலது மிதக்கிறது, சிலது அடியில் போகிறது. இதுவும் இதே கணக்கா? (கிருஷ்ணகிரி)

இதே கணக்குத்தான். முற்ற முற்றச் சதையில் மாவுச்சத்து ஏறிக் காய் கனக்கும், முற்றியது மூழ்கும். அங்கேயும் வித்தியாசம் ஓரிரு சதவீதம்தான்.

நீச்சல் தெரியாது. கண்ணெதிரே பிள்ளை ஒன்று கிணற்றில் விழுந்தால்? (பாப்பிரெட்டிப்பட்டி)

குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் உங்கள் தலைமேல் ஏறித்தான் மூச்சு விடப் பார்ப்பார். மூடி போட்ட 5 லிட்டர் காலி எண்ணெய்க் கேன் ஏறக்குறைய 5 கிலோ தாங்கும், அதாவது ஒரு தலையின் எடை. கயிற்றில் கட்டி எறியுங்கள். கயிறு இல்லையென்றால் சேலை, வேட்டி, துண்டு, எதுவானாலும். எங்கள் கிணற்றுத் திட்டில் கயிறு கட்டிய ஒரு கேன் வருஷம் முழுக்கத் தொங்குகிறது. வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் வெடித்துவிடும், மாற்றிவிடுவேன்.

எனக்கு 52 வயது. இனிமேல் நீச்சல் வருமா சார்? (மொரப்பூர்)

வரும் அம்மா. பெண்களுக்குக் கொழுப்பு சற்று அதிகம் என்பதால் ஆண்களைவிட மிதப்பது சுலபம். கழுத்தளவுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், சேலையும் நைட்டியும் வேண்டாம், சுடிதார் போதும். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். முதல் வாரம் கையும் காலும் அடிக்க வேண்டாம், காதைத் தண்ணீருக்குள் வைக்க மட்டும் பழகுங்கள்.