வாரம் ஒருமுறை நின்றுபோகும் இணைப்பு: மென்பொருளை மாற்றாதீர்கள், சாவியை வாங்குங்கள்

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்தில் ஒரு மரண உதவிச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். உறுப்பினர் விண்ணப்பங்களையும் அடையாள அட்டைப் பிரதிகளையும் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் போடுகிறோம். புதிய கோப்பு வந்ததும் எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அதன் விவரம் தானாகப் பதிவாகும்படி ஒருவர் என்8என் (n8n, செயலிகளை இணைத்து வேலைகளைத் தானாக ஓடவைக்கும் மென்பொருள்) மூலம் அமைத்துக் கொடுத்தார். வாரம் ஒருமுறை அது நின்றுபோகிறது. அழைத்தால் வந்து சரிசெய்து, ஒவ்வொரு முறையும் பணம் வாங்குகிறார். இலவச மென்பொருள் என்றால் இப்படித்தான் இருக்கும், மாதக் கட்டணம் உள்ள ஒன்றுக்கு மாறுங்கள் என்கிறார். மாறலாமா?

பதில்: மாற வேண்டாம் அம்மா. பழுதுக்கு நாள் கிழமை தெரியாது. ஏழு நாளுக்கு ஒருமுறை தவறாமல் நிற்கிறது என்றால், அது யாரோ வகுத்து வைத்த கெடு.

உங்கள் டிரைவுக்குள் நுழைந்து பார்க்க என்8என்னுக்குக் கூகுள் ஓர் அனுமதிச் சீட்டு தருகிறது. அதைப் பெறுவதற்காக, அமைத்துக் கொடுத்தவர் கூகுள் கிளவுட் கன்சோலில் (இத்தகைய அனுமதிகளை நிர்வகிக்கும் கூகுள் தளத்தில்) ஒரு புராஜெக்ட்டை உருவாக்கியிருப்பார். அந்த புராஜெக்ட் ‘எக்ஸ்டர்னல்’ (வெளியாருக்கும் உரியது) வகையாகவும் ‘டெஸ்டிங்’ (சோதனை) நிலையிலும் இருந்தால், சீட்டு 7 நாளில் காலாவதியாகிவிடும். இது கூகுளின் விதி. என்8என்னின் குறையும் அல்ல, இலவசம் என்பதால் வந்த வினையும் அல்ல. உங்கள் ஆள் வந்து செய்வதெல்லாம், ‘சைன் இன் வித் கூகுள்’ பொத்தானை அழுத்தி அடுத்த ஏழு நாளுக்குச் சீட்டு வாங்குவதுதான். அதற்கா ஒவ்வொரு முறையும் கூலி?

அடுத்த முறை நிற்கும்போது அவரை அழைப்பதற்கு முன் நீங்களே என்8என்னைத் திறந்து பிழைச் செய்தியைப் படியுங்கள். ‘இன்வாலிட் கிராண்ட்’ என்றோ, டோக்கன் (அந்த அனுமதிச் சீட்டு) காலாவதியாகிவிட்டது அல்லது ரத்தாகிவிட்டது என்றோ இருந்தால் நான் சொல்வது உறுதி. ஏழு நாள் கெடுவைப் பற்றி அந்தச் செய்தியில் ஓர் எழுத்துகூட இருக்காது. விதியை ஆவணத்தில் எங்கோ ஒரு பத்தியில் எழுதிவைத்துவிட்டு, நின்றுபோகும் இடத்தில் காரணத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். இதைப் போன்ற இடைவெளிகளில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். எனக்கு இதில் பொறுமையே இல்லை.

தீர்வு சிறியது. கிளவுட் கன்சோலில் அந்த புராஜெக்ட்டைத் திறந்து, ‘கூகுள் ஆத் பிளாட்ஃபார்ம்’ பகுதியில் ‘ஆடியன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். ‘டெஸ்டிங்’ என்று காட்டும் இடத்தில் ‘பப்ளிஷ் ஆப்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நிலை ‘இன் புரொடக்‌ஷன்’ என்று மாறும். பிறகு என்8என்னில் கூகுள் இணைப்பை ஒருமுறை புதிதாக ஏற்படுத்துங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். பழைய சீட்டு பழைய கெடுவோடுதான் இருக்கும். இணைக்கும்போது, கூகுள் இந்தச் செயலியைச் சரிபார்க்கவில்லை என்று ஓர் எச்சரிக்கைத் திரை வரும். செயலி உங்களுடையது, பயன்படுத்துவதும் நீங்கள் மட்டுமே. ‘அட்வான்ஸ்ட்’ என்பதைத் தொட்டு மேலே செல்லலாம்.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கங்கள் பல இதில்தான் குழம்புகின்றன. உங்கள் சங்கத்துக்குச் சொந்த முகவரியில் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் (அமைப்புகளுக்கான கூகுள் சேவை) கணக்கு இருந்தால், புராஜெக்ட்டை ‘இன்டர்னல்’ (அமைப்புக்குள் மட்டும்) என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது ஏழு நாள் கெடுவும் இல்லை, எச்சரிக்கைத் திரையும் இல்லை. ஆனால் ஒர்க்ஸ்பேஸ் கணக்கு இருந்தால் மட்டும் போதாது. புராஜெக்ட்டும் அந்த அமைப்பின் கீழ் உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். யாரோ ஒருவருடைய சாதாரண ஜிமெயிலில் அதை உருவாக்கியிருந்தால் ‘இன்டர்னல்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. அப்படியானால் அதோடு மல்லுக்கட்டாமல், சங்கக் கணக்கில் நுழைந்து புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். ஒர்க்ஸ்பேஸ் இல்லையென்றால் இதற்காகவே வாங்க வேண்டாம், மேலே சொன்ன ‘பப்ளிஷ்’ வழியே போதும். பதிவு பெற்ற லாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் கூகுள் ஒர்க்ஸ்பேஸை இலவசமாகவும் தருகிறது. உங்கள் பதிவு அதற்குப் பொருந்துமா என்று விண்ணப்பித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யப் போகும்போது அந்தப் பக்கத்தையே உங்களால் திறக்க முடியவில்லை என்றால், பெரிய தொல்லை அதுதான். புராஜெக்ட் அவருடைய ஜிமெயிலில் இருக்கிறது என்று பொருள். வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொண்ட கொத்தனாரைப் போன்றவர் அவர். நான்கு பொருள்களை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்: கிளவுட் புராஜெக்ட்டின் உரிமை, என்8என் ஓடும் சர்வரின் நிர்வாகிக் கடவுச்சொல், போஸ்ட்கிரெஸ் கடவுச்சொல், என்8என்னின் ‘என்கிரிப்ஷன் கீ’. நான்காவதை யாரும் கேட்பதில்லை. சேமித்த இணைப்பு ரகசியங்கள் அனைத்தும் அந்தக் கீயால்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. அது இல்லாமல் சர்வரை மாற்றினால், ஒர்க்ஃப்ளோ (என்8என்னில் வகுத்த வேலை வரிசை) வரும், இணைப்புகள் திறக்காது. தர மறுக்கிறார் என்றால் தயங்காமல் எல்லாவற்றையும் உங்கள் பெயரில் புதிதாக அமையுங்கள். ஒரு கோப்புறையைக் கவனித்து ஓர் அட்டவணையில் எழுதும் ஒர்க்ஃப்ளோ அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை.

மாதக் கட்டணச் சேவைக்கு மாறினாலும் தலைவலி போகாது, பில்தான் வரும். மைக்ரோசாஃப்ட் பவர் ஆட்டோமேட்டில் போஸ்ட்கிரெஸ் இணைப்பு ‘பிரீமியம்’ வகை, அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். ஸேப்பியர் என்ற இதே வகைச் சேவையில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் கணக்கு உண்டு. உங்கள் ஆள் எந்தச் சேவையைப் பரிந்துரைத்தாலும், அவருக்குத் தரகு கிடைக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்.

இனி, இணைப்பு செத்துக் கிடந்த நாள்களில் டிரைவுக்கு வந்த கோப்புகள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். சாதாரண வியாபாரத்தில் ஒரு கோப்பு விடுபட்டால் ஒரு பில் தாமதமாகும். உங்களிடம் விடுபட்டால், துக்க வீட்டார் வந்து நிற்கும்போது பதிவேட்டில் பெயர் இருக்காது. ஆகவே புதுக் கோப்பு வந்ததும் பதிவது ஒன்று, தினமும் இரவில் கோப்புறை முழுவதையும் பட்டியலிட்டுச் சரிபார்ப்பது ஒன்று என இரண்டு ஒர்க்ஃப்ளோ வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்கும்போது கோப்பின் பெயரை நம்பாதீர்கள். டிரைவில் ஒரே கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியும். கோப்பு ஒவ்வொன்றுக்கும் கூகுள் தரும் ஐடி மட்டும், பெயரை மாற்றினாலும் வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலும் மாறாது. அட்டவணையில் அந்த ஐடிக்கு ‘யூனிக்’ (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது) என்ற கட்டுப்பாடு போட்டு, என்8என்னின் போஸ்ட்கிரெஸ் பகுதியில் ‘இன்சர்ட் ஆர் அப்டேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை முறை ஓடினாலும் ஒரு கோப்புக்கு ஒரு வரிதான் இருக்கும். இன்னொன்று: ஒரு கோப்புறையைக் கவனிக்கச் சொன்னால் என்8என் அதை மட்டுமே கவனிக்கும். பொருளாளர் ஒழுங்குக்காக உள்ளே ஆண்டுவாரியாகத் துணைக் கோப்புறைகள் போட்டால், அவற்றில் விழும் கோப்புகள் அதன் கண்ணில் படாது.

தரவுத்தளத்தில் ஐடி, பெயர், தேதி, கோப்பைத் திறக்கும் இணைப்பு முகவரி (லிங்க்) ஆகியவை போதும். ஸ்கேன் படங்களையே உள்ளே திணிக்க வேண்டாம். அந்த லிங்க் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்பதற்காக, முகவரி வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று உங்கள் ஆள் கோப்புகளைப் பகிர்ந்து வைத்திருக்கிறாரா என்று இன்றே பாருங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் இங்கே முழுமையாக அமலாக்கப்படுகிறது. அதன்படி தகவலுக்குப் பொறுப்பு சங்கமே, அமைத்துக் கொடுத்தவர் அல்லர். அவர் உங்கள் சார்பில் தகவலைக் கையாளுகிறார் என்றால் அவரோடு எழுத்து மூலம் ஒப்பந்தமும் இருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் அடையாள அட்டைப் பிரதி கேட்கும் நாடு இது. கேட்பவர்களில் எத்தனை பேர் அதைப் பூட்டி வைக்கிறார்கள்?

கடைசியாக, அந்த அடையாள எண். தென்னாப்பிரிக்க எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு அது சுழியத்தில் தொடங்கும். அட்டவணையில் அந்தப் பத்தி (காலம், column) எண் வகையில் இருந்தால் முன்னால் உள்ள சுழியங்கள் உதிர்ந்துவிடும், பிறகு தேடினால் அந்த உறுப்பினர் கிடைக்கமாட்டார். பத்தியை ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே 12, 11 அல்லது 10 இலக்கமாகச் சுருங்கிக் கிடப்பவற்றை, 13 இலக்கம் வரும்வரை முன்னால் சுழியம் சேர்த்து நிரப்பச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸில் அதற்கு ‘எல்பேட்’ என்ற கட்டளை இருக்கிறது. மாற்றுவதற்கு முன் அட்டவணையை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண் பத்தியையும் கையோடு பார்த்துவிடுங்கள், அதுவும் சுழியத்தில்தான் தொடங்குகிறது.