கொரோனா காலத்தில் மார்பக மறுசீரமைப்பு: நெஞ்சைவிட வயிறுதான் படுத்தியது

கேள்வி: புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். வயிற்றுச் சதையை வைத்து மறுசீரமைப்பு செய்யலாம் என்கிறார் டாக்டர். கொரோனா சமயத்தில் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்களேன். தேறிவர எவ்வளவு காலம் ஆகும்?

நான் செய்துகொண்டது 2021 செப்டம்பரில். இரண்டாம் அலை தமிழ்நாட்டில் அடங்கியிருந்தது, கேரளாவில் அடங்கவில்லை. எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம், ஆஸ்பத்திரி திருவனந்தபுரத்தில். 1956ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும், பெரிய வியாதி என்றால் எங்கள் ஆட்கள் இன்றைக்கும் பஸ் ஏறுவது அந்தப் பக்கம்தான். மார்பகத்தை எடுத்தது, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் 2019ல் அங்கே ஆர்.சி.சி. என்கிற மண்டலப் புற்றுநோய் மையத்தில் முடிந்தது. கதிர்வீச்சு பட்ட தோல் தேற ஆறு மாதமாவது போகட்டும், அப்புறம் மறுசீரமைப்பைப் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஆறு மாதம் முடியும்போது 2020 மார்ச்.

உயிருக்கு அவசரமில்லாத ஆபரேஷன்களை எல்லா இடத்திலும் தள்ளி வைத்துவிட்டார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆபரேஷனை ஒட்டி கொரோனா தொற்றியவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் இறந்ததாக அந்த வருடமே லான்செட் இதழில் ஒரு பன்னாட்டு ஆய்வு வந்தது. அதோடு எல்லையும் அடைத்திருந்தது. எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்ட தமிழ்நாட்டு இ-பாஸ் வேண்டும், அந்தப் பக்கம் இஞ்சிவிளை செக்போஸ்டில் கேரள அரசின் கோவிட் ஜாக்ரதா இணையப் பதிவைக் காட்ட வேண்டும். ஊரடங்கில் கல்யாணம் இல்லை, சடங்கு இல்லை, பிராவுக்குள் பஞ்சு வைத்து நடந்ததை யாரும் கவனிக்கவுமில்லை. "இனி எதுக்கு உனக்கு இது?" என்று கேட்க மட்டும் ஆள் இருந்தது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களிடமும் கேட்பார்கள், நீங்களும் சொல்ல வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம். என் இன்சூரன்ஸில் முதலில் "அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது" என்று திருப்பிவிட்டார்கள். பாலிசியில் விலக்குகள் பட்டியலை எடுத்து எட்டாவது குறியீட்டைப் பாருங்கள். ஒப்பனை, பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் இல்லை என்று சொல்லும் அதே வரியில், விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு விலக்கு பொருந்தாது என்றும் இருக்கும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா கம்பெனிக்கும் பொதுவாக வகுத்த வாசகம் அது. டாக்டரின் கடிதத்தோடு அந்த வரியை அடிக்கோடிட்டு அனுப்பினோம், பெரும்பகுதி வந்தது. இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் விசாரியுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்திருக்கிறார்கள்.

எனக்குச் செய்தது டீப் ஃப்ளாப் (DIEP flap). அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து, நெஞ்செலும்பை ஒட்டி ஓடும் குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். வயிற்றுத் தசையை எடுப்பதில்லை. சிலிகான் வைக்கலாமே என்று கேட்டதற்கு, கதிர்வீச்சு பட்ட இடத்தில் அது இறுகிப்போகவும் கிருமி பிடிக்கவும் வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். முதுகுத் தசையை முன்னால் கொண்டுவரும் முறையும் உண்டு. டீப் ஃப்ளாப் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒட்டிக்கொள்ளும், ஒட்டாமல் போனால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும்.

அதனால் அந்த நாட்களில் தூக்கம் கிடையாது. மணிக்கொரு தரம் சிஸ்டர் வந்து நிறம் பார்ப்பார், சூடு பார்ப்பார், விரலால் அழுத்தி ரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்பார், பேனா மாதிரி இருக்கும் டாப்ளர் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் சத்தம் கேட்பார். குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கும் என்று ஏ.சி. போடவில்லை. பி.பி.இ. உடுப்புக்குள் அந்தப் பிள்ளைகளுக்கு வேர்த்து ஊற்றியது. சாயாவும் கூடாது என்று சொல்லிவிட்டார் எங்கள் டாக்டர், கஃபீனும் குழாயைச் சுருக்குமாம். வலிகூட எனக்கு அவ்வளவு தோன்றவில்லை, சாயா இல்லாததுதான் தாங்கவில்லை.

கூட ஒரே ஒரு பைஸ்டாண்டர், அவரும் ஆர்டிபிசிஆர் எடுத்திருக்க வேண்டும், வந்தால் வெளியே போகக் கூடாது. என் வீட்டுக்காரருக்குப் பதில் மைனியைக் கூட்டிப் போனேன், நல்லதாகப் போயிற்று. வேறு யாரும் பார்க்க வர முடியாது என்பதை எல்லோரும் பெரிய கஷ்டமாகச் சொன்னார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லை.

சரி, தலைப்பில் சொன்ன வயிற்றுக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன் நான் படித்ததெல்லாம் நெஞ்சைப் பற்றி. நெஞ்சில் நரம்புகள் அறுபட்டிருப்பதால் அங்கே வலியே குறைவு. வயிற்றிலோ இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்பு வரை தையல். முதல் வாரங்களில் நிமிர்ந்து நிற்க முடியாது, கூன் போட்டுத்தான் நடை. மல்லாந்து காலை நீட்டிப் படுக்க முடியாது. முதுகுக்கும் முழங்காலுக்கடியிலும் தலையணை வேண்டும், சாய்வு நாற்காலி இருந்தால் அதிலேயே தூங்கலாம். தரையில் குத்தவைக்கும் கக்கூஸ் நடக்காது. எங்கள் வீட்டில் அதுதான், கம்மோடு நாற்காலி வாங்கினோம். கிணற்றில் வெள்ளம் கோருவது, குடம் தூக்குவது, பாத்திரம் இறக்குவது எல்லாம் ஆறு வாரத்துக்கு வேண்டாம். தலைவழியே மாட்டுகிற நைட்டி உதவாது, முன்பக்கம் பட்டன் வைத்தது நாலைந்து தைத்து வையுங்கள். ரத்தம் கட்டாமல் இருக்க ஊசி தொடையில் போட்டார்கள், வயிற்றில் இடம் ஏது?

இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். அந்தக் காலத்தில் எனக்கு வயிற்றுவலி போக இன்னொரு தொல்லை, நான் ஒரு தும்மல் போட்டால் வீடே மாஸ்க் தேடும்.

திரும்பி வரும்போது கேரளாவிலிருந்து வருகிறவர்களிடம் ஆர்டிபிசிஆர் அல்லது இரண்டு டோஸ் சான்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஆகஸ்ட் 5 முதல் அந்த விதி. இரண்டு டோஸும் முன்பே, ஆபரேஷன் ஆகாத பக்கக் கையில் போட்டிருந்தேன். தடுப்பூசி போட்ட பக்கம் அக்குளில் நெறி கட்டும், அதை ஸ்கேனில் பார்த்துப் புற்றுநோய் என்று பயப்பட நேரும் என்பதால் அப்படிச் சொன்னார்கள்.

காயத்தில் சேரும் நீரை வெளியே எடுக்கும் டிரெய்ன் (drain) குழாய்களோடுதான் வீட்டுக்கு வந்தேன். தினமும் அந்த நீரை அளந்து எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் எடுக்கலாம் என்பது கணக்கு. இதற்காக எல்லை தாண்ட வேண்டாம் என்று டாக்டரே மார்த்தாண்டத்தில் ஒரு சர்ஜனிடம் போனில் பேசி எடுக்கச் சொன்னார். மாமி பச்சிலை போட்டுக் கொதிக்கவைத்து, பெற்றவளுக்குச் செய்வது போல வேது குளிக்கச் சொன்னார்கள். கூடவே கூடாது. புது மார்பிலும் அடிவயிற்றிலும் உணர்ச்சி இருக்காது, தோல் வெந்தாலும் தெரியாது. சுடுதண்ணிப் பை ஒத்தடமும் அப்படித்தான். மைனி குறுக்கே நின்று, "அவளுக்கு சூடு தெரியாது அம்மா" என்று அடுப்பை அணைத்தார்கள்.

எத்தனை காலம் என்று கேட்டீர்கள். ஆறு வாரத்தில் சாதாரண வீட்டு வேலை, இரண்டு மூன்று மாதத்தில் நிமிர்ந்த நடை. தழும்பு மெத்தென்று ஆக ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் புது மார்பில் கெட்டியாக ஏதாவது தட்டுப்படலாம். எனக்கு 2022 ஜனவரியில், ஒமிக்ரானுக்காக ஞாயிறு ஊரடங்கு போட்டிருந்த சமயத்தில் தட்டுப்பட்டது. திங்கள் வரை வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. ஸ்கேனில் கொழுப்பு உறைந்த கட்டி என்று தெரிந்தது. ரத்தம் போதாத கொழுப்பு இப்படிக் கெட்டியாவது இந்த ஆபரேஷனில் சாதாரணம். ஆனாலும் நீங்களாக முடிவு செய்யாமல் காட்டிவிடுங்கள்.

காம்பு இன்னும் வைக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்கிற சின்ன வேலை, நிறத்துக்கு டாட்டூ. தோன்றினால் செய்வேன். உங்கள் டாக்டரிடம் நான் கேட்கச் சொல்வது இரண்டு: இந்த ஃப்ளாப் ஆபரேஷன் வழக்கமாகச் செய்கிற இடமா, நடு ராத்திரியில் ஃப்ளாப்பின் நிறம் மாறினால் உடனே தியேட்டரைத் திறக்க ஆள் இருக்கிறதா. இரண்டாவதற்கு அவர் யோசித்துப் பதில் சொன்னால் வேறு ஆஸ்பத்திரி பாருங்கள்.