இரண்டு லட்சம் கொடுக்க முன் இதைப் பாருங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "கொள்ளை வழக்கொன்றில் சந்தேகநபராகப் பிடிபட்ட அண்ணன் 14 மாதமாக மட்டக்களப்புச் சிறையில் விளக்கமறியலில் இருக்கிறார். குற்றப்பத்திரம் இன்னும் வரவில்லை. ஆட்கொணர்வு மனுப் போட்டால் வெளியே எடுக்கலாம், இரண்டு லட்சம் ஆகும் என்கிறார்கள். நீதிமன்றமே ஒரு சட்டத்தரணியைத் தராதா? கட்டணத்தைக் குறைக்க மாட்டார்களா?"

காசை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஆட்கொணர்வு என்பது சட்டவிரோதமாகத் தடுத்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லும் ஆணை. ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டு 'இங்கே இல்லை' என்றால், தண்டனை முடிந்த பிறகும் விடாமல் வைத்திருந்தால் அது சரியான வழி. உங்கள் அண்ணனோ நீதவானின் கட்டளையில் உள்ளே இருக்கிறார். அவருக்கு முதலில் பார்க்க வேண்டியது பிணை.

1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவைப் பாருங்கள். தண்டனை பெறாத ஒருவரைக் கைதான நாளிலிருந்து 12 மாதத்துக்கு மேல் மறியலில் வைக்கக்கூடாது. சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் ஒரு தடவைக்கு 3 மாதத்துக்கு மேற்படாமல், மொத்தமாக இன்னொரு 12 மாதம் வரை நீடிக்கலாம். அப்படி நீடித்த கட்டளை இருக்கிறதா என்று வழக்கேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிணை கேட்க அதுவே பலமான காரணம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டிருந்தால் இந்தப் பிரிவு உதவாது. உங்கள் வழக்கு அப்படியல்ல.

ஒரு விஷயம். 12 மாதம் எண்ணுவது கைதான நாளிலிருந்து, நீதவான் முன் நிறுத்திய நாளிலிருந்து அல்ல. இதில் பிழைவிட்ட மனுக்களைப் பார்த்திருக்கிறேன். பீ அறிக்கையின் (பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) பிரதியை எடுத்துத் தேதியைச் சரிபாருங்கள்.

சட்டத்தரணி விஷயத்துக்கு வருவோம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வசதியில்லாவிட்டால், நீதியின் நலன் வேண்டும்போது செலவில்லாமல் சட்டத்தரணி பெறும் உரிமை 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தில் இருக்கிறது. மேல் நீதிமன்ற விசாரணைகளில் அரச செலவில் சட்டத்தரணி நியமிப்பதும் வழமை. ஆனால் ஆட்கொணர்வு மனுப் போடுகிறவர் அந்த மனுவில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் அல்ல. அதனால் இந்த உரிமை அங்கே அப்படியே வராது. உங்களிடம் கேட்ட இரண்டு லட்சம் சட்டத்தரணியின் கூலி. அதை நீதிமன்றம் தள்ளுபடி செய்யாது.

போக வேண்டிய இடம் சட்ட உதவி ஆணைக்குழு. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிலையம் உண்டு. அடையாள அட்டை, கிராம சேவகரின் வருமானக் கடிதம், வழக்கிலக்கம், பீ அறிக்கைப் பிரதி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். அண்ணன் சிறையின் நலன்புரி உத்தியோகத்தரிடமும் சொல்லி வைக்கலாம்.

பிறகு ஒருநாள் ஆட்கொணர்வுதான் தேவை என்று வந்தாலும் கொழும்புக்கு ரயில் பிடிக்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு, மாகாணத்துக்குள் தடுத்து வைத்திருப்பவருக்காக மாகாண மேல் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். மட்டக்களப்பில் போட்டால் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பலாம்.