ஹாம்லெட்டின் ‘லெட்ஸ் மீ’: விடுகிறவன் இல்லை, தடுக்கிறவன்

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ‘ஐல் மேக் எ கோஸ்ட் ஆஃப் ஹிம் தட் லெட்ஸ் மீ’ என்ற வரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த வரியில் ‘லெட்’ என்றால் விடுவது இல்லை, தடுப்பது. முதல் அங்கம் நாலாம் காட்சியில் ஹாம்லெட் அப்பாவின் ஆவி பின்னால் போகப் பார்க்கிறான், நண்பன் ஹொரேஷியோவும் காவலன் மார்செல்லஸும் பிடித்து நிறுத்துகிறார்கள், அதனால்தான் ‘என்னைத் தடுக்கிறவனை ஆவியாக்கிவிடுவேன்’ என்று கத்துகிறான். ‘போகவிடுகிறவனை ஏன் கொல்லவேண்டும்’ என்று நீங்கள் கேட்டது நியாயம்தான்.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்றால், பழைய ஆங்கிலத்தில் விடுவதற்கு ஒரு சொல், தடுப்பதற்கு வேறு சொல். பின்னாளில் உச்சரிப்பு தேய்ந்து இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன. தடுக்கிற ‘லெட்’ இன்னும் முழுசாகச் சாகவில்லை. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் ‘லெட்’ என்கிறார்களே, அதுதான் இது. உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள், ‘லெட் ஆர் ஹின்ட்ரன்ஸ்’, அதாவது தடையோ இடையூறோ இல்லாமல் இவரைப் போகவிடுங்கள் என்று குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டிருக்கும்.

அடுத்த முறை இப்படிச் சோதியுங்கள்:

1. ‘லெட் மீ கோ’ மாதிரி பின்னால் ஒரு வினை வந்தால் விடுவது.
2. ஆளோடு வாக்கியம் நின்றுவிட்டால் தடுப்பதா என்று சந்தேகப்படுங்கள்.

ஆனால் இதையே பிடித்துத் தொங்கவேண்டாம், அந்த நாடகத்திலேயே பெரும்பாலான ‘லெட்’ விடுவதுதான். கடைசிக் காட்சியில் வரும் ‘லெட் பி’ கூட ‘சரி, விடு’தான்.