உதவித்தொகை மாதக்கணக்கில் இழுக்கிறது, சக்கர நாற்காலியில் இருப்பவரை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிப்போவது?

அண்ணனுக்குப் பராமரிப்பு உதவித்தொகை கேட்டு எழுதிக்கொடுத்து எட்டு மாதமாகிவிட்டது, மாதம் ஒரு தடவை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், பணம் வந்தால்தான் வண்டிக்கு ஏற்பாடு செய்ய முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீடும் ஒரு காலத்தில் இப்படித்தான் தபால்காரரையும் பேங்க் பாஸ்புக்கையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதனால் சொல்கிறேன், இந்த இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடாதீர்கள். அந்த உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குப் போய்வர கார் வாடகையே அதைத் தாண்டிவிடும். பணம் வந்த பிறகும் வண்டிக் கவலை அப்படியேதான் இருக்கும், ஆகவே வண்டிக்கு இன்றைக்கே வழி பாருங்கள், உதவித்தொகையைத் தனியாகத் துரத்துங்கள்.

எங்கள் ஊர் சாயல்குடிப் பக்கம், கடலை ஒட்டி. அப்பா பனை ஏறுகிறவர். பதநீர்க் காலத்தில் ஒருநாள் விடியற்காலை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. முதல் மூன்று தடவை ஆட்டோவில்தான் கூட்டிப்போனோம், நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, சீட் விளிம்பில் உட்காரவைத்து உள்ளே இழுப்போம். வலிக்குதாப்பா என்று கேட்டால் இல்லை என்பார், உணர்ச்சியே இல்லாத இடத்தில் அவருக்கு எப்படித் தெரியும். மூன்றாவது தடவை போய்வந்த ராத்திரி அம்மா துணி மாற்றும்போதுதான் பார்த்தார், உட்காரும் எலும்புக்கு நேரே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் வழன்றிருந்தது. அந்தப் புண் ஆற ஐந்து மாதமாயிற்று, அந்த ஐந்து மாதமும் அவர் குப்புறவும் ஒருக்களித்தும்தான் படுத்திருந்தார். நல்லபடியாக ஏற்றி இறக்க ஒரு வண்டி கேட்பதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அப்புறம் பிசியோதெரபி பார்க்க வந்த ஒரு அம்மா சொல்லிக்கொடுத்ததுதான் சறுக்குப் பலகை, நாற்காலியிலிருந்து வண்டி சீட்டுக்கு உட்கார்ந்தபடியே நகர்வதற்கு. எங்கள் ஊரில் வல்லம் கட்டும் ஓடாவி ஒருவர் இரண்டரை அடி நீளத்துக்கு ஒரு பலகையை இழைத்து, ஓரமெல்லாம் உருட்டி, கைபட்டால் வழுக்குகிற மாதிரி தேய்த்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. காரில் முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்வையும் சாய்த்துவிட்டு, நாற்காலியின் கைப்பிடியைக் கழற்றிப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டு, நடுவே பலகையைப் பாலம் மாதிரி வைத்தால் அப்பா கையை ஊன்றித் தானே நகர்ந்துவிடுவார். நாற்காலியும் சீட்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாழ்வாக இருப்பதில் மெத்தை வைத்து உயர்த்துங்கள். பலகையில் தோல் நேரடியாகப் படக் கூடாது, வேட்டியோ கைலியோ நடுவே இருக்கட்டும். உங்கள் அண்ணனுக்குக் கையில் பலம் இருக்கிறதா, முதுகு தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள். இப்படியாக எந்தச் சாதாரண வாடகைக் காரும் எங்களுக்கு உதவியது. பக்கத்து ஊரில் இதே மாதிரி இருந்த ஒருவரையும் சேர்த்து, மாதத்தில் ஒரே நாளில் முறை வாங்கி, வாடகையைப் பாதிப்பாதியாகப் போட்டுக்கொண்டோம்.

டவுன் பஸ்ஸில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் கிடையாது என்பது உண்மை, ஆனால் எங்கள் பக்கம் ஓடுகிற பஸ்ஸில் சக்கர நாற்காலி ஏறாது. 108 அவசரத்துக்கு மட்டும். இன்னொன்று, போகிற தடவையையே குறைக்கப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான பராமரிப்பும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்காக மதுரை வரை அலைய வேண்டியதில்லை.

சரி, உதவித்தொகைக்கு வருகிறேன். நாங்கள் ஏறி இறங்கிய அலுவலகத்தில் ஏழு மாதம் "மேலே அனுப்பியாச்சு" என்ற ஒரே பதில்தான். கடைசியில் பார்த்தால் ஆதாரில் அப்பாவின் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால், அவ்வளவுதான் விஷயம். அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறமாட்டேன் என்கிறது. ஆகவே ஆதார், பாஸ்புக், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்று இரவே எடுத்துப் பாருங்கள். வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் ஏற்கெனவே வருகிறதா என்றும் பாருங்கள், இரண்டையும் சேர்த்துத் தரமாட்டார்கள்.

பிறகு திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த மேசைக்குப் போனது, நிறுத்திவைத்திருந்தால் காரணம் என்ன என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கள் கோப்பு நகர்ந்தது அந்தக் காகிதத்துக்குப் பிறகுதான். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியும் அரசு தருகிறது, அதற்குத் தனி மனு எழுதி, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41வது பிரிவைக் குறிப்பிடுங்கள். குறைந்த செலவில் நடமாடுவதற்கும், வண்டியை அவர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவதற்கும் அரசு திட்டம் கொண்டுவர வேண்டும் என்று அதில் இருக்கிறது.

எந்த மனு கொடுத்தாலும் ஜெராக்ஸ் காப்பி ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள். அண்ணனை அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அவர் கையெழுத்தோ கைநாட்டோ போட்ட மனுவோடு நீங்கள் போனால் போதும்.