மாத்திரை ஆறு மணிக்கு, சாப்பாடு பத்து மணிக்கா?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் 52 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆறு வருடமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைக் காலை ஆறு மணிக்குப் போட்டு, வெறும் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போவேன். பத்து மணிக்கு மேல்தான் சாப்பாடு. இப்போதெல்லாம் ஒன்பதரை வாக்கில் கை நடுங்குகிறது, இந்தக் குளிரிலும் வியர்க்கிறது. ஒருநாள் அப்போதே பார்த்ததில் 58. அன்று இரவு 290. எங்கள் லைனுக்கு (தோட்டத்துக் குடியிருப்புக்கு) வருகிற ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தன்னிடம் உள்ள மூலிகைப் பொடியைச் சாப்பிடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?”

பொடி வேண்டாம் அம்மா. மாத்திரையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். நாளையிலிருந்து மாத்திரையைச் சாப்பாட்டு டப்பாவோடு எடுத்துப் போய், சாப்பிட உட்காரும்போது போடுங்கள். கிளிமிபிரைடு கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிறு காலியாக இருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். அதற்கு மேல் நீங்கள் கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்குகிறீர்கள். 58 வராமல் என்ன செய்யும்?

70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். நடுக்கம் வந்ததும் பறிப்பதை நிறுத்தி உட்காருங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் பொறுத்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்தபிறகு சாப்பாடு. சாக்லேட்டும் வர்க்கியும் இதற்கு உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். பக்கத்தில் பறிப்பவரிடமும் மேஸ்திரியிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருக்கிறதா? மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகள் பலவற்றில் வோக்ளிபோஸ் இருக்கும். கடையில் மாற்றிக் கொடுத்தாலும் நமக்குத் தெரியாது. இந்த மருந்து, வீட்டுச் சர்க்கரை குடலில் உடைவதைத் தடுத்து வைக்கிறது. அதனால் சர்க்கரைத் தண்ணீரோ வெல்லமோ சாப்பிட்டால் நேரத்துக்கு வேலை செய்யாது. கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு பெரிய கரண்டி தேன். அவை உடைபட வேண்டியதே இல்லை, நேராக ரத்தத்தில் சேரும். எந்த மாத்திரை என்று குழப்பமாக இருந்தால் குளுக்கோஸ் பொட்டலத்தையே மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அது எல்லோருக்கும் பொருந்தும். உயிரைக் காக்கிற இந்த ஒரு விவரம் அட்டையில் ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்கிற பெண்மணிக்கு அதைத் தமிழில் அச்சடித்துத் தர என்ன தடை? எத்தனை வருடமாகக் கேட்கிறோம்!

அப்புறம், இரவு 290. காலையில் பயந்துபோய் அன்று முழுக்கக் கூடுதலாகச் சாப்பிட்டிருப்பீர்கள். சர்க்கரை இறங்கியதும் ஈரலும் தன் சேமிப்பை அவிழ்த்துவிடும். அதற்காக இன்னொரு மாத்திரை போட்டுவிடாதீர்கள், மறுநாள் காலை இன்னும் கீழே விழுவீர்கள். தண்ணீர் குடியுங்கள். 300-க்கு மேலேயே நின்றாலோ, வாந்தியும் மூச்சு வாங்குதலும் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி.

இப்போது அந்தப் பொடிக்காரர். இவர்கள் கையில் சர்க்கரை பார்க்கும் மிஷினோடு வருவார்கள். முதல் நாள் குத்திப் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் குத்திப் பார்ப்பார்கள், அளவு இறங்கியிருக்கும், நமக்கு நம்பிக்கை வந்துவிடும். எப்படி இறங்குகிறது? மூலிகை என்று விற்ற பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற, சர்க்கரையை இறக்கும் ஆங்கில மருந்தையே அரைத்துக் கலந்திருந்தது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. அதன் வேகம் ஒரு நாள்கூட நீடிக்கும். சர்க்கரை கொடுத்து எழுப்பிய ஆள் சில மணி நேரத்தில் திரும்ப விழுவார். ஒரு லைன் வீட்டிலிருந்து நள்ளிரவில் தூக்கிவந்த அம்மாவுக்கு நான் பார்த்தபோது 32. முந்தானையில் பொடிப் பொட்டலம் முடிந்திருந்தது. பிழைத்தார், ஆனால் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும் கேளுங்கள், மறுமுறை உங்கள் லைன் பக்கம் வரமாட்டார்.

வீட்டில் குத்திப் பார்க்கும்போது வெந்நீரில் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரல் விறைத்திருந்தால் ரத்தம் சரியாக வராது. இனிப்பு ஒட்டிய விரல் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

மாத்திரையின் அளவைக் குறைப்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்கு இந்த வாரமே போங்கள். ஒரு நாள் கூலி போகும், வரிசையில் நிற்க வேண்டும், தெரியும். அங்கே இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், நடுக்கம் வந்த நேரம், 58, 290 எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். பழைய மாத்திரையையே எழுதி, அடுத்த மாதம் வாருங்கள் என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். அந்த 58-ஐ இன்னொரு முறை சொல்லுங்கள்.