பெர்த் பக்கத்தில் இருக்கும் ராட்னெஸ்ட் தீவுக்கு வயதானவர்களோடு ஒரே நாளில் போய் வர முடியுமா?

கேட்டவர் கிருஷ்ணகிரிக்காரர். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் அக்கா வீட்டுக்குப் போகிறாராம். கார் ஓடாத தீவு, ரோட்டிலேயே திரியும் குவாக்கா என்ற குட்டிக் கங்காரு என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறார். அப்பாவுக்கு 70 வயது, சைக்கிள் ஓட்ட முடியாது. காலையில் படகேறிப் போய் மாலையில் திரும்பிவிடலாமா, எப்படித் திட்டமிடுவது என்பது கேள்வி.

தாராளமாக முடியும். ஆனால் திட்டத்தை வாலிலிருந்து போட வேண்டும். இது என் சொந்தப் புத்தி இல்லை, தம்பி சொல்லிக் கொடுத்தது.

நாங்கள் போனது ஒரு காலாண்டு விடுமுறையில். நான், மனைவி, ஒன்பது வயது மகன், 68 வயதில் மூட்டுவலியோடு அம்மா. பெர்த்தில் வேலை பார்க்கும் தம்பி எங்களோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முன் தர்மபுரி வீட்டில் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டேன். குவாக்கா, கலங்கரை விளக்கம், கடல் குளியல், உப்பு ஏரி, சீல் (கடல்நாய்) என்று பதினோரு ஐட்டம். பெர்த் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு இரவு ஒன்பதரை என்றால் அவனுக்கு நள்ளிரவு. வீடியோ காலில் கொட்டாவி விட்டபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணா, அதையெல்லாம் அடிச்சிடு. திரும்புற படகு எத்தனை மணிக்குன்னு மட்டும் மேல எழுது. மீதியை அப்புறம் பார்க்கலாம்" என்றான்.

அவன் சொன்னதன் அர்த்தம் தீவில் இறங்கிய பிறகுதான் புரிந்தது. காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்பினால் கையில் இருப்பது ஆறு, ஏழு மணி நேரம். அதில் சாப்பாடு, கழிப்பறை வரிசை, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, பையன் மணலை விட்டு எழுந்து வர மறுப்பது எல்லாம் போனால் மிஞ்சுவது நான்கு மணி நேரம். கடைசிப் படகை விட்டால் ராத்திரி தங்க அறை கிடைப்பதும் லேசில்லை, அதற்கெல்லாம் பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள். அதனால் கடைசிப் படகுக்கு முந்தைய படகில் டிக்கெட் எடுங்கள். அப்படி எடுத்தால்தான் ஒன்றைத் தவறவிட்டாலும் இன்னொன்று இருக்கிறது என்ற தெம்பு இருக்கும்.

படகு மூன்று இடத்திலிருந்து போகிறது. ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து போனால் அரை மணி நேரம். வடக்கே ஹிலரிஸிலிருந்து முக்கால் மணி. பெர்த் நகரத்துக்குள்ளேயே பாரக் ஸ்ட்ரீட் படகுத்துறையில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். கடைசியாகச் சொன்னது ஸ்வான் ஆற்றின் வழியாகவே போவதால் பார்க்க அழகுதான், ஆனால் போக வர மூன்று மணி நேரத்தை அதுவே தின்றுவிடும். உங்கள் அப்பாவுக்கு ஃப்ரீமாண்டில்தான் சரி. பெர்த்திலிருந்து ரயிலிலேயே ஃப்ரீமாண்டில் போய்விடலாம், ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை நடக்கிற தூரம். அரை மணி முன்பே போய் நில்லுங்கள். தீவுக்கான நுழைவுக் கட்டணத்தையும் படகு டிக்கெட்டிலேயே சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். அந்தத் தொகையை நம் ஊர் டவுன் பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது. நம் காலாண்டு விடுமுறை சமயத்தில் அங்கேயும் பள்ளி விடுமுறை வருகிறது. அப்போது போவதென்றால் முன்பதிவு இல்லாமல் நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது கடல். ஒகேனக்கல் கிளம்பும் முன் நாம் என்ன செய்வோம்? பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது, பரிசலுக்குத் தடை இருக்கிறதா என்று பார்ப்போம். தண்ணீர் கூடிவிட்டால் சட்டி நிறைய மீன் குழம்பு கட்டிக்கொண்டு போனாலும் கரையில் நின்று அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இங்கேயும் அதே கணக்கு. அலையும் காற்றும் அதிகமானால் படகை ரத்து செய்வார்கள். ரத்து செய்யாத நாளிலும் படகு நன்றாகவே தூக்கிப் போடும். அதனால் ஊர் திரும்புகிற நாளுக்கு முந்தின நாளில் இதை வைக்காதீர்கள். போன முதல் வாரத்திலேயே வைத்துக்கொண்டால், ஒரு நாள் தள்ளிப்போனாலும் நஷ்டமில்லை.

எங்கள் படகு துறைமுக வாயைத் தாண்டியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தம்பி மனைவி காலையில் கையில் திணித்து அனுப்பிய எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறிக் கீறி மூக்கருகில் வைத்துக்கொண்டே வந்தார். கரை சேர்ந்தபோது தோலில் பச்சை நிறமே மிச்சமில்லை, ஆனால் வாந்தி இல்லை. வயதானவர்களைக் கீழ்த்தளத்தில், பின்பக்கமாக உட்கார வையுங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

தீவில் தனியார் வண்டி ஒன்றுகூடக் கிடையாது. பஸ்ஸும் தீவு நிர்வாகத்தின் வேலை வண்டிகளும்தான். தேசிய நெடுஞ்சாலை 44 பக்கத்தில் குடியிருந்து, தொப்பூர் கணவாய்க்குப் போகிற லாரிகளின் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவன் நான். அங்கே இறங்கி நின்றதும் காது அடைத்துவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றியது. தார் ரோட்டில் சைக்கிள் டயர் உருளும் சத்தம் தனியாகக் கேட்கிறது.

தீவின் நீளம் 11 கிலோமீட்டர், அகலமான இடத்தில் நாலரை கிலோமீட்டர். கேட்கும்போது சின்னதாகத் தெரியும். ஆனால் சுற்றி வரும் பாதை இருபது கிலோமீட்டருக்கு மேல், அதுவும் மேடு பள்ளமாக. இங்கேதான் நான் கோட்டை விட்டேன். படகு டிக்கெட்டோடு சேர்த்து எனக்கும் மகனுக்கும் சைக்கிள் பதிவு செய்திருந்தேன் (ஹெல்மெட் கட்டாயம், அவர்களே தருகிறார்கள்). காலை முழுக்கக் குவாக்கா பின்னாலேயே திரிந்துவிட்டு, மதியம் சாப்பிட்டு முடித்துத்தான் மேற்கு நோக்கி மிதிக்க ஆரம்பித்தோம். அந்தக் கடற்கரையில் வெயில் காலத்தில் காலையில் கிழக்கிலிருந்து காற்று வரும், மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து கடற்காற்று கிளம்பிவிடும். அந்த ஊர்க்காரர்கள் அதற்கு ஃப்ரீமாண்டில் டாக்டர் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெர்த்தின் புழுக்கத்தைத் தணிக்கிற காற்று என்பதால் டாக்டர். எதிர்க்காற்றில் மேடு ஏறுகிற ஒன்பது வயதுப் பையனுக்கு அவர் டாக்டர் இல்லை. தீவின் நடுவில் இருக்கும் வாஜெமப் கலங்கரை விளக்கத்தின் மேட்டில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா, நீங்க வேணா போங்க" என்று அழுதான். அதோடு திரும்பினோம். முறை என்னவென்றால், இறங்கியதும் காலையிலேயே மேற்கே போய்விட வேண்டும். மதியம் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து விடும்.

வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் ஓட்டத் தெரியாத அம்மாதான் மேற்குக் கோடி வரை போய் வந்தார். தீவைச் சுற்றி ஒரு பஸ் ஓடுகிறது, ஒரு நாள் டிக்கெட் எடுத்தால் எங்கு வேண்டுமானாலும் இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். அம்மா, என் மனைவி, தம்பி மூவரும் அதில் போனார்கள். கதீட்ரல் ராக்ஸ் என்ற இடத்தில் பாறை இடுக்குத் தண்ணீரில் சீல்கள் துடுப்பைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து மிதந்தனவாம். "எருமை குட்டையில கிடக்கிற மாதிரி கிடக்குதுடா" என்று அம்மா வர்ணித்ததோடு சரி, நான் பார்த்தது அவ்வளவுதான். ஆகவே உங்கள் அப்பாவைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏறும்போதே டிரைவரிடம் திரும்புவதற்கான கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் திரும்புகிற பஸ்களில் கூட்டம் அதிகம்.

இப்போது குவாக்கா. இதற்கென்று நேரம் ஒதுக்கவே தேவையில்லை, அதுவே உங்களைத் தேடி வரும். படகு நிற்கும் தாம்சன் பே குடியிருப்பில், கடைகளையும் மரநிழலையும் ஒட்டிப் படுத்துக் கிடக்கும். கங்காரு இனத்தில் ஒரு சின்ன வகை, பூனை அளவு, இரண்டரை முதல் ஐந்து கிலோ வரை எடை. இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் தூங்கும் பிராணி. பெருநிலத்தில் நரியும் பூனையும் வந்து அதன் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. இந்தத் தீவில் நரி இல்லை, அதனால் இங்கே மட்டும் பத்தாயிரம் வரை இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் போனால் தாயின் பையிலிருந்து குட்டி தலையை நீட்டுவதையும் பார்க்கலாம்.

பேக்கரிக்கு எதிரே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒன்று குதித்துக் குதித்து வந்து, அவர் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்று, முன்னங்கால் இரண்டாலும் ஒரு காய்ந்த இலையைப் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து கடிக்க ஆரம்பித்தது. வெற்றிலை போடுகிற பாட்டி காம்பு கிள்ளுவதுபோலத்தான் இருந்தது. மூக்கு ஈரமாக, கருப்பாக. வாயின் அமைப்பால் எப்போதும் சிரிப்பது போன்ற முகம். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, இது பெருச்சாளி இல்லையா?" என்றார். 1696இல் இங்கே வந்திறங்கிய டச்சுக் கப்பல் தலைவர் வில்லெம் டி விளாமிங்கும் இதைப் பெரிய எலி என்றுதான் நினைத்தார். ராட்னெஸ்ட் என்றால் அவர்கள் மொழியில் எலிக்கூடு. அம்மாவும் அவரும் ஒரே கட்சி.

தொடக்கூடாது, தின்னக் கொடுக்கக்கூடாது. மீறினால் 300 டாலர் அபராதம் தீட்டுவார்கள். இதில் நம் ஆட்களுக்குத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் ஏன் கூடாது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஒகேனக்கல் குரங்குகளைப் பார்த்தவர்கள் நாம். வாழைப்பழமும் சிப்ஸும் போட்டுப் போட்டு, இப்போது பையைத் திறப்பதற்குள் அதுவே பிடுங்கிக்கொண்டு போகிறது. குவாக்காவுக்கு பிஸ்கட்டும் ரொட்டியும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அதன் உடம்பில் இருக்கும் சால்மொனெல்லா கிருமி நமக்கும் நல்லதில்லை. படம் எடுக்க வேண்டுமென்றால் தரையில் உட்கார்ந்து, போனைக் கீழே பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். அதுவாக வந்து முகரும். துரத்தினால் கிடைக்காது. என் மகன் துரத்தினான், அவன் எடுத்த படம் எல்லாவற்றிலும் வால் மட்டும்தான்.

பட்டியலில் நான் எழுதாமல் போன ஒன்று உண்டு. அந்த மண்ணின் நூங்கார் மக்கள் இந்தத் தீவை வாஜெமப் என்கிறார்கள். 1838 முதல் இது அவர்களைப் போன்ற பழங்குடி ஆண்களை, சிறுவர்களையும்கூட, மாநிலம் முழுவதிலிருந்தும் பிடித்து வந்து அடைத்த சிறை. சுமார் 3,700 பேர் வந்தார்கள், 370க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே இறந்து புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பழைய கட்டடங்கள் பலவும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. அவர்களை அடைத்து வைத்த குவாட் என்ற கட்டடம் 2018 வரை சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக ஓடிக்கொண்டிருந்தது. புதைத்த இடம் குடியிருப்பிலிருந்து கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். தன்னார்வலர்கள் தினமும் இலவசமாகக் கூட்டிப்போய் விளக்குகிறார்கள். தம்பி மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், வேண்டுமானால் கலங்கரை விளக்கத்தை விட்டுவிடுங்கள்.

குளிப்பதற்கு பேசின் என்ற இடம். குடியிருப்பிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை, பாறைக்கு நடுவில் தொட்டி கட்டினாற்போல் தெளிந்த தண்ணீர். தண்ணீர் குளிரும், வெயில் சுடும், இரண்டும் ஒரே நேரத்தில். தொப்பியும் சன்ஸ்கிரீனும் மறந்தால் சாயங்காலம் தோல் உரியும். புதருக்குள் கால் வைக்காதீர்கள், டியூகைட் என்ற விஷப்பாம்பு உண்டு.

சாப்பாடு கையோடு கட்டிக்கொண்டு போங்கள். தீவில் பேக்கரி, ஹோட்டல் எல்லாம் இருக்கிறது, ஆனால் விலையைப் பார்த்ததும் பசி அடங்கிவிடும். தம்பி மனைவி கட்டிக் கொடுத்த புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் எங்களைக் காப்பாற்றின. தின்று முடித்ததும் டப்பாவை உடனே மூடிவிடுங்கள், குவாக்காவுக்குப் புளிசாத வாசனை பிடிக்கிறது.

தங்கலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். உங்கள் அப்பாவோடு ஒரு நாள் பயணமே போதும். ஒன்பது மணி வாக்கில் இறங்கி, நேராக பஸ் ஏறி மேற்கே போய் சீல் பார்த்துவிட்டு, மதியம் குடியிருப்புக்குத் திரும்பிச் சாப்பிட்டு, மீதி நேரத்தைக் குவாக்காவுக்கும் அந்தச் சிறைக் கதைக்கும் கொடுங்கள். பஸ் டிக்கெட்டைப் படகு டிக்கெட் எடுக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

எலுமிச்சம்பழத்தை மட்டும் அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிருந்து கொண்டுபோனால் பெர்த் ஏர்போர்ட்டிலேயே வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். கிருஷ்ணகிரிக்காரர் என்பதால் சொல்கிறேன், அக்காவுக்கு ஆசையாக மாம்பழம் எடுத்துப்போகிற யோசனை இருந்தால் அதற்கும் இதே கதிதான்.